எல் ஐ ஈ

தம்பு செட்டித் தெருவில்
மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என் கம்ப்யூட்டர்.
சட்டென்று எழுந்தால் ஏழாவது படி தலையில் இடிக்கும்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்,
பச்சைத் தாள் தனிக் காசு.
அர்த்தம் தெரிந்து அடி என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று தமீம் வக்கீல் திருப்பிக் கொடுத்த கட்டில்
ஆறாம் பத்தியில் சிவப்பாய் ஒரு வட்டம்.
"லேயிங்னு அடிச்சிருக்கீங்க.
ட்ரெய்லருக்கு அடியில எத்திராஜ்
முட்டையா போட்டுக்கிட்டு இருந்தான்?"
ஜூனியர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.

கோழி முட்டை போட்டால் லே.
கொத்தனார் கல் வைத்தாலும் லே.
தானாய்க் கிடந்தால் மட்டும் லை.
அதுவும் நேற்றுக் கிடந்திருந்தால்
அந்த லையே லே ஆகிவிடும் என்று
அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது
பாரிமுனை சிக்னலில் பச்சை விழுந்து
அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது.
மீதி இலக்கணம் எனக்குக் கேட்கவில்லை.

எல் ஐ ஈ, அப்புறம் ஐஎன்ஜி என்று அடித்தேன்.
சிவப்புக் கோடு நெளிந்தது.
ஐயும் ஈயும் எழுந்து போய்
அந்த இடத்தில் ஒய் உட்கார வேண்டுமாம்.
உட்கார்த்தினேன்.
கோடு அடங்கியது.

அர்த்தம் பார்க்கலாமே என்று போனில் தட்டினேன்.
முதலில் வந்தது:
பொய் சொல்.
அதற்கும் கீழேதான்
கிட, படுத்திரு.

இப்போது ஆறாம் பத்தியைப் படித்தால்
இரவு பதினொன்று நாற்பதுக்கு, யார்டு நான்கில்,
இறந்தவர்
பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் பத்தியில் சூப்பர்வைசர் சாட்சியம் ஒரு லை.
கம்பெனியின் பதிலுரையில், குடித்துவிட்டு
அவனாகவே போய் லை.
பதினான்காம் பத்தியில்
மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்கு லை.
செல்லும் என்பதற்கும் அதே சொல்தானாம்,
கிடக்கும் என்பதற்கும் அதே சொல்தானாம்.
கோர்ட்டைத் தெரிந்தவர்கள்தான்
வைத்திருக்க வேண்டும்.

பெஞ்சில் தேசம்மா.
ஐஸ் பேக்டரியில் அரைநாள் சொல்லிவிட்டு வந்தவள்.
விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது.
"இன்னாம்மா எழுதிக்கீது? படி."
கிடந்தான்னு எழுதியிருக்கு என்றேன்.
"அவன் எங்க கெடந்தான்?
ஜாக்கி வெக்கச் சொன்னாங்க, உள்ள பூந்தான்.
வேலதான் செஞ்சான்."

வக்கீலிடம் கேட்டுவிட்டு மாற்றணும் என்றேன்.
வக்கீல் அடுத்த ஹாலில் இருந்தார்.

காத்திருந்த நேரத்தில்
ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது எனக்கு,
சம்பந்தமே இல்லாமல்.
மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து
ஒரு பக்கம் முழுக்கத் திரும்ப எழுதியது.
உயிர் சேர்ந்திருந்தால் புள்ளி வேண்டாம்.
உயிர் இல்லாத மெய்க்குத்தான்
தலைமேல் வைக்க வேண்டும்.
எத்திராஜ் என்று அடிக்கும்போதெல்லாம்
கடைசி எழுத்தின் மேல் அது விழுகிறது.

மெய் என்றால் உடம்பு.
மெய் என்றால் நடந்தது.
இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல்,
அவர்கள் கிடப்பதற்கும் பொய்க்கும்
ஒரே சொல் வைத்திருக்கிற மாதிரி.
இதைத் தேசம்மாவிடம் சொல்ல நினைத்துப்
பாதியைத்தான் சொன்னேன்.

"அந்த சூப்பர்வைசர் உட்டதும்
என் தம்பி அடில இருந்ததும்
ஒரே எழுத்தா?"
ஆமாங்க.
"அம்மாம் பெரிய பாஷை. 
வார்த்தைக்குக்கூடவா பஞ்சம்?"

தமீம் வந்தார். கேட்டார். தலையைச் சொறிந்தார்.
ஒர்க்கிங் என்று அடிக்கச் சொன்னார்.
எந்த எழுத்தும் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.
ஆறாம் பத்தி சூடாக வெளியே வந்தது.
அவள் அதை வாங்கி
எழுத்தில் கை படாமல் ஓரமாய்ப் பிடித்துக்கொண்டாள்.

இருபது ரூபாயை நீட்டினாள்.
திருத்தம் என் தப்பு, வேண்டாம் என்றேன்.
நம்பர் ஆக எவ்ளோ நாள் ஆவும் என்றாள்.
ஆறு மாசம் என்றேன்.
எட்டு என்று தெரியும்.